துணிக்கு அடியில் பேசிய விலை

அரை மணி நேரத் தூக்கத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு என்றாள் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண்.

ரத்தினக் கல் வியாபாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். விலை கேட்டதும் அவர் வழக்கமாகச் செய்கிற வேலை அது. காதில் விழாத மாதிரியும் இருக்கும், எதிராளி தானாகக் குறைத்துக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் கொடுத்த மாதிரியும் இருக்கும். கவுண்டர் பெண்ணுக்கு இந்தச் சூட்சுமமெல்லாம் தெரியவில்லை.

"மயக்க ஊசி வேணுமா வேண்டாமா சார்? வேண்டாம்னா அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி போடுவாங்க. அதுக்குத் தனியா காசு கிடையாது."

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது இருக்கா?"

"நடுவுலன்னா?"

"கால் மணி நேரத் தூக்கம். ரெண்டாயிரத்து நானூறு."

"என்னங்க," என்று முழங்கையால் இடித்தாள் மனைவி. "இடுப்பெலும்புல துளை போடப் போறாங்க. உங்க பேரத்தைச் சந்தையில வச்சுக்குங்க." அவளே கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணி வைத்தாள். பேரம் பேசாமல் கொடுத்த பணம் கவுண்டருக்குள் போவதை அவர் இறுதி ஊர்வலம் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

சில மாதமாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில் எல்லா எண்ணிக்கையும் தரையில் கிடந்தது. ரத்தத்தைப் பார்த்தது போதாது, அது தயாராகிற எலும்பு மஜ்ஜையையே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள். அது அவருக்குப் புரிந்தது. தரகனிடம் கேட்டுப் பலனில்லாதபோது சுரங்கத்துக்கே ஆள் அனுப்புவதில்லையா?

அவரைச் சந்தையில் பூட்டு என்பார்கள். வாயைத் திறக்க மாட்டார் என்பதற்காக வைத்த பேர் அல்ல, வாய் நிற்காது. அவருடைய கையைத்தான் யாராலும் திறக்க முடியாது. அவர்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வது வெட்கக்கேடு. வாங்குகிறவனும் விற்கிறவனும் எதிரெதிரே உட்கார்ந்து, கைகளின்மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்வார்கள். மேலே மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேச்சு ஓடும். அடியில் விரல்கள் பேரம் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நடுக்கணுவில் பிடித்தால் அரை, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையைச் சுரண்டினால் பத்து. கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தினால் 'விலைக்கு இல்லை' என்று அர்த்தம். விற்கிறவன் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் பின்வாங்கினவனுக்கு அந்தச் சந்தையில் கூழாங்கல்கூட யாரும் விற்க மாட்டார்கள்.

பூட்டின் கையிலிருந்து அடிவிலையோ உச்ச விலையோ வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. இப்போது அந்தக் கைக்குள் ஒரு எண் இருந்தது. பதினெட்டு.

கடையில் பாதி மனைவியின் தம்பியுடையது. இத்தனை வருஷம் சேர்ந்து நடத்திவிட்டு, தனியாகப் போகிறேன் என்று மச்சினன் சொல்லியிருந்தான். அவன் பங்கை இவரே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. பதினோரு லட்சம் என்று இவர் விரலைக் காட்டியிருந்தார். அவன் இருபத்தைந்து கேட்டான். மனசுக்குள் இவர் பதினெட்டு வரை போகத் தயார். அது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும், கடவுளுக்கும் தோராயமாகத்தான் தெரியும். அந்தப் பதினெட்டு மச்சினனுக்குத் தெரிந்தால் அவன் அதிலிருந்து ஒரு காசு இறங்க மாட்டான்.

காத்திருக்கிற பெஞ்சில் பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர், ஓய்வுபெற்றவர். அவருக்கு இது நாலாவது தடவையாம்.

"குத்துறது தெரியாது சார். உறிஞ்சுவாங்க பாருங்க, அதுதான். டீசல் டாங்குக்குள்ள குழாயை விட்டு வாயால இழுப்பாங்கல்ல? அந்த டாங்கு நாமதான்."

"பயமுறுத்தாதீங்க," என்றார் எதிரில் இருந்த டீச்சர். "போன மாசம் எனக்கு மயக்க ஊசி போட்டுத்தான் எடுத்தாங்க. கண்ணை மூடினேன், தெறந்தேன், முடிஞ்சிருந்தது. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"உங்களுக்கு இல்ல டீச்சர். அன்னிக்கு இதே பெஞ்சுல உக்காந்திருந்த எங்களுக்கு இருந்துச்சு."

டீச்சர் சிரித்தார். வியாபாரி சிரிக்கவில்லை. ஒரே கல்லை ஒருவன் பழுதில்லை என்கிறான், இன்னொருவன் விரிசல் என்கிறான். இரண்டில் ஒருவன் பொய் சொல்கிறான், அல்லது ஒருவன் வெளிச்சத்தில் பார்க்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். மனைவியும், துணைக்கு வந்திருந்த மச்சினனும் கூடவே வந்தார்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொன்னார்கள். இடுப்புக்குப் பின்னால் சில்லென்று எதையோ தடவினார்கள். பச்சைத் துணியைப் போர்த்தினார்கள். புறங்கை ஊசிக்குள் மருந்து ஏறியது. "லேசா கிறுகிறுன்னு வரும்," என்றாள் நர்ஸ். "எவ்வளவு நேரத்துல?" என்று கேட்க வாயைத் திறந்தார்.

"முடிஞ்சிருச்சு சார். மல்லாந்து படுங்க."

அவர் நம்பவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முழுசாக அரை மணி நேரம் காணாமல் போயிருந்தது, சட்டைப்பையில் வைத்த பணம் கூட்டத்தில் காணாமல் போவதுபோல. வலி இருந்ததா என்று தேடிப் பார்த்தார். இல்லை. டீச்சர் சொன்னதுதான் சரி, நாலாயிரத்து எண்ணூறு வீண் போகவில்லை என்று நினைக்கும்போதே மற்ற சில்லறைகள் ஒத்துவரவில்லை.

தொண்டை கட்டியிருந்தது. வலது கை விரல்கள், மூட்டை தூக்கினவன் விரல் மாதிரி வலித்தன. மனைவியின் கண் சிவந்திருந்தது. மச்சினன் இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பார்க்கிறதுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர எதுவும் இல்லை.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க சார்," என்றாள் நர்ஸ். "நாளைக்கு இந்நேரம் வரை வண்டி ஓட்டக் கூடாது. எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடக் கூடாது."

"ஏன்? பேனா கனமா இருக்குமா?"

"நீங்க தெளிவா பேசுற மாதிரிதான் இருக்கும். அப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது. உள்ளேயும் அப்படித்தான். கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீங்க."

"நானா? யார் கேட்டதுக்கு?"

"நாங்க கேட்டதுக்குத்தான். உங்க சம்சாரம் ஊசியைப் பார்த்ததும் தலை சுத்துதுன்னு வெளியே போயிட்டாங்க. உங்க மச்சினர்தான் கடைசி வரைக்கும் கூட இருந்தாரு. துணிக்கடியில உங்க கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு, பாவம்."

துணிக்கடியில். கையைப் பிடித்துக்கொண்டு. கடைசி வரைக்கும்.

பூட்டைத் திறந்து போட்டு, சாவிக்காரனையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்குத் தன் காசையே வேறு வாங்கியிருக்கிறார்கள்!

வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பிடித்தார். "உள்ள நான் ஏதாவது சொன்னேனா?"

"நான்தான் வெளிய இருந்தேனே."

"வெளிய கேட்டுதா?"

"ஒண்ணும் கேட்கல. சூடா கஞ்சி தரட்டுமா?" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கேட்காமலே கஞ்சி தருகிறவள் எதையோ மறைக்கிறாள். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் இதுகூடத் தெரியாதா?

அந்த வாரமே மச்சினன் வந்தான். அவர் முன்னெச்சரிக்கையாக இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். இப்போது கேட்பான் பதினெட்டு. ஒரு காசு கூட்டாமல், ஒரு காசு குறைக்காமல் கேட்பான். கேட்கட்டும், அப்போது அவன் குட்டு உடையும்.

"அத்தான், உங்க பதினொண்ணுக்கே முடிச்சுக்கலாம்," என்றான் அவன்.

"என்னது?"

"பதினொண்ணு. நீங்க சொன்னதுதானே?"

"இருபத்தஞ்சு கேட்டவன்டா நீ."

"கேட்டேன். இப்ப கேட்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவன் மேற்கொண்டு எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. வாயால் விலை பேசுகிறானே, அதுவே சரியில்லை. கையைக் கொடுக்க ஏன் பயப்படுகிறான்?

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. விற்கிறவன் கேட்காமலே விலையை இறக்கினால் கல்லில் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். இங்கே எது கல்? கடையில் எந்த வில்லங்கமும் இல்லை, நாலு தடவை பார்த்துவிட்டார். அப்படியானால் விரிசல் தன்னிடம்தான். டாக்டரம்மா உள்ளே அவனிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். இந்த ஆள் இன்னும் எத்தனை நாளைக்கு, கொடுத்ததை வாங்கிக்கொள்வோம், பிறகு எல்லாம் அக்காவுக்குத்தானே என்று கணக்குப் போட்டிருக்கிறான். பத்திரம் தயாராகி வந்தது. அவர் அது நொட்டை, இது நொள்ளை என்று இழுத்தடித்தார்.

ரிசல்ட் வந்தபோது அந்தக் கணக்கும் தப்பாகிவிட்டது. வியாதி வியாதிதான், ஆனால் மாத்திரைக்குக் கட்டுப்படும் என்றாள் டாக்டரம்மா. மூன்று மாதம் கழித்து மறுபடி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும்.

"இதை என் மச்சினன்கிட்ட முன்னாடியே சொன்னீங்களா?"

"ரிசல்ட்டே நேத்துதான் வந்தது. அவர்கிட்ட நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

"சரி, இன்னொண்ணு. எனக்குப் போட்டீங்களே தூக்க ஊசி..."

"அது தூக்கம் இல்லை. பயத்தைக் குறைக்கும், நடந்தது மனசுல பதியாம பண்ணும். வலிக்குத் தனி மருந்து. அன்னிக்கு உங்க பிரஷர் இறங்கியிருந்ததால அதைக் கொஞ்சமாத்தான் கொடுக்க முடிஞ்சது."

"அப்ப எனக்கு வலிச்சிருக்கும்?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனையை அவர் குறித்துக்கொண்டார். "வலிச்சிருக்கலாம். உங்களுக்கு ஞாபகம் இல்லைங்கிறது நல்லதுதானே? அடுத்த தடவை பிரஷர் நல்லா இருந்தா வலி மருந்தைக் கூட்டிக்கலாம், பயப்படாதீங்க."

தூக்கம் என்று சொல்லி மறதியை விற்றிருக்கிறார்கள். சரக்கு மட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் பேர் வேறே. அவருக்கு அதில்கூடக் கோபம் இல்லை. அரை மணி நேரம் தன் கை தன்னிடம் இல்லை, அது யாரிடம் என்ன சொன்னது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"மயக்க ஊசி வேண்டாம்," என்றார். "மரத்துப்போற ஊசி மட்டும்."

"வலிக்கும். சில பேருக்குப் பொறுத்துக்கிற மாதிரி இருக்கும், சில பேருக்கு நல்லாவே வலிக்கும். உங்களுக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாது."

"பரவாயில்ல. அதே மச்சினன் அதே மாதிரி பக்கத்துல உக்காரணும்."

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "காசு மிச்சம் பிடிக்க இதுவா இடம்? நான் தரேன் அந்த நாலாயிரத்து எண்ணூறை!" காசுக்காக இல்லை என்று வாழ்நாளில் முதல்முறையாக அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மச்சினனிடம் சொன்னபோது அவன் முகம் செத்துப்போயிற்று.

"அத்தான், ஊசி போட்டுக்குங்க."

"ஏன் மாப்ள, நான் முழிச்சிருந்தா உனக்குக் கஷ்டமா?"

"ஆமா," என்றான் அவன்.

அகப்பட்டான் என்று நினைத்தார் வியாபாரி.

மூன்று மாதம் கழித்து அதே அறை, அதே பச்சைத் துணி. மச்சினன் அவர் முகத்துக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து துணிக்கடியில் கையை நீட்டினான். அவர் பிடித்துக்கொண்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார். அவன் விரல் ஒன்று அசைந்தாலும் தெரிந்துவிடும். எப்படி விலை கேட்டான், எப்படி வாங்கினான், எல்லாம் இன்று வெளிவந்துவிடும்.

முதல் ஊசி சுரீர் என்றது. அடுத்தது எலும்பின் தோலைத் தொட்டு எரிந்தது, பிறகு அடங்கியது. "இப்ப அழுத்துறது மட்டும் தெரியும்," என்றாள் டாக்டரம்மா. அழுத்தியது. முளை அடிக்கிற மாதிரி உடம்பே கட்டிலோடு சேர்ந்து அசைந்தது. இதுதானா, இதற்கா இத்தனை பேச்சு என்று இருந்தது. மச்சினனின் விரல்கள் கட்டையாகக் கிடந்தன. திருடன் உஷாராகிவிட்டான்.

"இப்ப இழுப்பேன். மூச்சை விடுங்க."

இடுப்பிலிருந்து குதிகால் வரை உள்ளே ஒரு கயிறு இருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது. அதன் நுனியைப் பிடித்து யாரோ உருவினார்கள். குத்துவது, எரிவது, வெட்டுவது எல்லாம் வெளியிலிருந்து வருகிற வலி. அதற்கு முகம் சுளிக்கலாம். இது உள்ளேயிருந்து ஆளையே காலி செய்கிற வலி. கத்துவதற்குக்கூட எங்கே இருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் துணிக்கடியில் ஏதோ அசைந்தது. அகப்பட்டான்!

அசைந்தது அவருடைய விரல்கள்.

அவர் எதுவும் சொல்லவில்லை. அவை தானாகவே மச்சினனின் உள்ளங்கையைச் சுரண்டின. ஒரு விரலைப் பிடித்தன. பதினொன்று. இழுப்பு நிற்கவில்லை. மறுபடி சுரண்டி ஐந்தையும் பிடித்து, மூன்றைப் பிடித்தன. பதினெட்டு! நாற்பது வருஷம் யாராலும் திறக்க முடியாத கை, கேட்பார் இல்லாமல், கேட்காத விலையை, கெஞ்சிக் கெஞ்சிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதை முழு நினைவோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்து நிறுத்த முடியவில்லை. இருபது. இருபத்தைந்து. நிறுத்தச் சொல், எடுத்துக்கொள். அதற்குமேல் எண்ணே இல்லாமல் அவன் முன்கை வரை வெறுமனே சுரண்டிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு விலைக்கும் ஒரே பதில் வந்தது. மச்சினனின் கட்டைவிரல் அவர் உள்ளங்கையில் அழுத்தியது. விலைக்கு இல்லை. விலைக்கு இல்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மணிக்கட்டு அவன் விரல்களுக்கு அரை அங்குலத்தில் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"இழுத்தாச்சு. இனி சின்னதா ஒரு துண்டு எலும்பு, அவ்வளவுதான்," என்றாள் டாக்டரம்மா. துண்டு எலும்பு திருகாணி மாதிரி திருகிக்கொண்டு வந்தது. வலித்தது, ஆனால் விலை பேசுகிற அளவுக்கு வலிக்கவில்லை.

கட்டுப் போட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, போர்வையைப் போர்த்திவிட்டுப் போனார்கள். அரை மணி நேரம் அசையக் கூடாது. மச்சினன் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான். முன்கையில் நகக்குறிகள் புதுசாகச் சிவந்திருந்தன. பக்கத்திலேயே பழைய தழும்புகள், வெளுத்துப்போய்.

"அன்னிக்கும் இப்படித்தானா?"

"அன்னிக்கு ஜாஸ்தி. கத்தினீங்க. அக்கா வெளிய காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு. முடிஞ்சதும் எதுவுமே நடக்காத மாதிரி கடிகாரத்தைப் பார்த்தீங்க. திரும்ப வரமாட்டேன்னுடுவீங்களோன்னு நாங்க சொல்லல."

"எவ்வளவு வரைக்கும் போனேன்?"

"பதினெட்டுல கொஞ்ச நேரம் நின்னீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அதுதான் உங்க உச்சம்னு. அதுக்கப்புறம் கடையே வந்துருச்சு. வீடும்."

"பிடிச்சிருக்கலாமே மணிக்கட்டை?"

"எதை வித்து? ஊசி டாக்டரம்மா கையில. என்கிட்ட ஏது சரக்கு?"

"அப்ப அந்தப் பதினொண்ணு?"

"பதினெட்டு தெரிஞ்சதுக்கப்புறம் உங்ககிட்ட நான் எப்படி பேரம் பேசுறது அத்தான்? சீட்டைப் பார்த்துட்டு ஆடுற ஆட்டமா? முழிச்சிருந்த கை சொன்னது பதினொண்ணு. அதை விட்டா எனக்கு வேற விலை கிடையாது."

வியாபாரி கூரையைப் பார்த்தார். நம்பலாமா? நம்பத்தான் தோன்றியது. நம்பத் தோன்றும்போதுதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் தோன்றியது. போர்வைக்கு அடியில் கையை நீட்டினார்.

"இந்த ஆஸ்பத்திரி கேண்டீன்ல டீ எப்படி?" என்றார் மேலே. அடியில் உள்ளங்கையைச் சுரண்டி, ஐந்தைப் பிடித்து, மூன்றைப் பிடித்தார்.

"கழுவின தண்ணி," என்றான் மச்சினன். கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் பதினொன்று காட்டினான்.

"சர்க்கரையாவது போடுறானா?" பதினேழு.

"கேட்டாத்தான் போடுவான்." பன்னிரண்டு.

வாங்குகிறவன் ஏற்றவும் விற்கிறவன் இறக்கவுமாக இப்படி ஒரு பேரத்தை அந்தச் சந்தை கண்டதில்லை. கட்டைப் பார்க்க வந்த நர்ஸ், "வலி அடங்கிருச்சே சார், இன்னும் ஏன் ரெண்டு பேரும் கையை விடாம இருக்கீங்க?" என்றாள். "பழக்கம்மா," என்றார் வியாபாரி. பதினாறு. பதின்மூன்று. பதினைந்து. பதினாலு. உள்ளங்கையைச் சுரண்டி, நாலு விரலைப் பிடித்து, ஐந்தாவதை நடுக்கணுவில் பிடித்தார். மச்சினன் ஒரு மூச்சு நிதானித்து, அவர் மணிக்கட்டைப் பற்றினான்.

பிடி விழுந்த பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது. வேண்டாம் வேண்டாம் என்றே விலையை ஏற்றுகிற வித்தையை இவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தானே? ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

படுத்தபடியே மனசுக்குள் கூட்டிக் கழித்தார். பதினாலரை முடிந்தது. பதினெட்டில் கழித்தால், தான் கொடுக்காமல் விட்டது மூன்றரை. அதில் பதினொன்றைக் கழித்தால், அவன் அதிகப்படியாக வாங்கியது மூன்றரை. தொகை இரண்டு பக்கமும் ஒத்துவந்தது. பாக்கி யார் யாருக்கு என்பதுதான் நிலுவையில் நின்றது.